தீவகத்து வெயிலும் லினன் ஆடையும்



அண்மைக் காலமாகத் தீவகத்து வீடுகளில் ஒரு புதுத் துணி இடம்பெற்று வருகின்றது. லினன் என்பது அதன் பெயர். ஆனி மாதத்தில் நயினை நாகபூசணி அம்மன் கோயில் திருவிழாவுக்கென்று கனடாவிலிருந்தும் இலண்டனிலிருந்தும் பாரிஸிலிருந்தும் வரும் உறவினர், "இது வெயிலுக்கு உகந்த துணி" என்று சொல்லி, தமையனுக்கோ மாமனுக்கோ ஒரு லினன் சட்டையைக் கொடுத்துச் செல்கின்றனர். பெற்றுக்கொண்டவர் அதனை ஒரு முறை அணிகின்றார். குறிகட்டுவான் துறையிலே படகேறி மறுகரை சேருமுன் அது கசங்கிவிடுகின்றது. தோய்த்துக் காயவிட்டால் முரடாகின்றது. மடித்துப் பெட்டியில் வைத்து, மாரி கழிந்து எடுத்துப் பார்த்தால் கரும்புள்ளி விழுந்திருக்கின்றது. பெருவிலை கொடுத்து வாங்கிய துணி இவ்வாறு வீணாவது கண்டு, "இது நமக்கு ஆகாத துணி" என்று சிலர் கூறுகின்றனர். வேறு சிலரோ இதற்கு இணையான துணி உலகில் இல்லை என்கின்றனர். இரு சாராரும் பாதி உண்மையையே சொல்கின்றனர் என்பது எனது கருத்து.

முதலில் அத்துணி யாது என்று அறிந்துகொள்வோம். ஆளி என்னும் செடியின் தண்டிலிருந்து எடுக்கும் நாரை நூலாக நூற்று நெய்வதே லினன். மருந்துக் கடையிலே ஆளிவிதை என்று வாங்குகிறோமே, அதே இனச் செடிதான்; நாருக்காகப் பயிரிடும் வகை மட்டும் நெடிது வளர்வது. நமது வயல்களில் பசளைக்காக விதைக்கும் மஞ்சட்பூச் சணல் வேறு, சாக்கு நெய்யும் சணல் வேறு, ஆளி வேறு. தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பில் லினனுக்குச் 'சணல்நூல்' என்னும் சொல் வழங்கப்பட்டிருத்தலால், சாக்குத் துணியையா ஆசாரியர்கள் உடுத்தார்கள் என்று ஐயுறுவோர் உண்டு. அவர்கள் உடுத்தது ஆளிநாரின் மெல்லிய துணியே.

ஆளி குளிர்ந்த பருவத்தை விரும்புவது. பிரான்சு, பெல்ஜியம், ஒல்லாந்து ஆகிய நாடுகளின் கடலோர வயல்களில் இன்று மிகுதியாக விளைகின்றது. விதைத்து ஏறக்குறைய 100 நாளில் ஒரு மீற்றர் உயரம் வளர்ந்ததும், அரியாமல் வேரோடு பிடுங்கி வயலிலேயே பரப்பிவிடுவர். பனியும் மழையும் பட்டு, நுண்ணுயிர்கள் தண்டிலுள்ள பசையைக் கரைக்க, நார் கழன்று வரும். பின்னர் அதனை நொறுக்கித் தட்டிச் சீவி எடுப்பர். கடலோரத்திலே தென்னம் மட்டையைப் புதைத்து ஊறவிட்டுத் தட்டித் தும்பு எடுப்பதைக் கண்டவர்களுக்கு இதில் புதுமை ஒன்றும் இல்லை. தும்பு முரடானது, ஆளிநார் மெல்லியது என்பதே வேறுபாடு.

வெப்ப நாட்டிலே லினன் உடுத்தும் வழக்கம் மிகத் தொன்மையானது. பழைய எகிப்தின் குருமார் உடுத்ததும், இறந்தோர் உடலைச் சுற்றியதும் இத்துணியே. நமது தீவகத்துக்கும் இது முற்றிலும் புதிதன்று. கத்தோலிக்க ஆலயங்களிலே பலிபீடத்து விரிப்பும், திருப்பலியின்போது கிண்ணத்தின் கீழ் விரிக்கும் துணியும் லினனாக இருத்தல் வேண்டும் என்பது நெடுங்காலம் விதியாக இருந்தது. ஊர்காவற்றுறையிலும் நெடுந்தீவிலும் ஆலயப் பணி செய்த குடும்பத்தார் அதனைத் தோய்க்கவும் கஞ்சியிடவும் அறிந்திருத்தல் வேண்டும்.

இவ்விடத்தில் ஒரு சுவையான செய்தியைச் சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை. 1658ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர், நமது தீவுகளுக்குத் தம் நாட்டு நகரங்களின் பெயர்களைச் சூட்டினர். காரைதீவு அம்ஸ்டர்டாம் ஆயிற்று, வேலணைத்தீவு லெய்டன், புங்குடுதீவு மிடில்பேர்க், அனலைதீவு ரொட்டர்டாம், நெடுந்தீவு டெல்ப்ட். நயினாதீவுக்கு அவர்கள் இட்ட பெயர் ஹார்லெம். இவற்றுள் டெல்ப்ட் ஒன்றே ஆங்கில வழக்கில் இன்றும் நிலைத்திருக்கின்றது. அந்த ஹார்லெம் நகரமோ, 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பா முழுவதிலும் லினன் வெளுப்பதற்குப் பெயர்போன ஊர். அயல்நாடுகளில் நெய்த பழுப்பு நிறத் துணிகளைக் கூட அங்கே கொண்டுவந்து, சாம்பற் காரநீரிலே அவித்து, மோரிலே தோய்த்து, மணற்குன்றுகளின் அருகே புற்றரையில் மாதக்கணக்காக விரித்து வெளுப்பர். 1670ஐ ஒட்டிய காலத்தில் யாக்கப் வான் ரயிஸ்டால் என்னும் ஓவியர் தீட்டிய ஹார்லெம் காட்சிகளிலே, நகரத்தின் முன்னால் நீண்ட வெண்ணிறப் பட்டைகள் தெரிகின்றனவே, அவை வெயிலில் விரித்த லினன் துணிகள். நயினாதீவுக்குப் பெயரிட்ட அதிகாரி துணி வெளுப்பதை நினைந்து இட்டிருப்பார் என்று நான் கருதவில்லை. ஆயினும் காரநீரில் அவித்து வெயிலில் விரிக்கும் அம்முறைக்கும், நமது சலவைத் தொழிலாளர் உவர்மண்ணில் தோய்த்து வெள்ளாவி வைத்த முறைக்கும் அடிப்படை ஒன்றே. காரம் அழுக்கை இளக்கும். வெயில் நிறத்தை அகற்றும். வியப்பு யாதெனின், லினன் நாட்டிலிருந்து வந்த அந்த ஒல்லாந்தரே இப்பக்கத்துக் கடல்களில் பருத்தித் துணிக்காகத்தான் அலைந்தனர். சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியை வாங்கிக் கப்பல் கப்பலாக ஏற்றினர். அதற்குச் செந்நிறம் ஊட்டும் சாயவேரை மன்னாரிலும் தீவுப்பகுதியிலும் தோண்டுவித்தனர்.

இனி, லினன் உடலுக்குக் குளிர்ச்சி தருவது எவ்வாறு என்று பார்ப்போம். துணியிலே குளிர்ச்சி இல்லை. உடலைக் குளிர்விப்பது வியர்வை. அதுவும் வழிந்தோடும் வியர்வை அன்று, ஆவியாகும் வியர்வை. ஒரு கிராம் வியர்வை ஆவியாகும்போது ஏறக்குறைய 580 கலோரி வெப்பத்தை உடம்பிலிருந்து எடுத்துச் செல்கின்றது. ஆகவே நல்ல துணியின் கடமை இரண்டு: தோலிலிருந்து ஈரத்தை வாங்குதல், வாங்கியதைக் காற்றிடம் ஒப்படைத்தல். நமது தீவுகளில் காற்றின் ஈரம் மிகுதி. அதனால் வியர்வை எளிதில் உலர்வதில்லை. ஆனால் வைகாசி தொடங்கி ஆவணி வரை சோளகம் ஓயாது வீசுகின்றதே, அஃது ஒரு பெரும் பேறு. அக்காற்றை உட்புகவிடும் ஆடை குளிர்ச்சியானது. தடுக்கும் ஆடை சூடானது.

ஈரம் வாங்கும் ஆற்றலில் துணிகளிடையே உள்ள வேறுபாட்டை நமது கடற்றொழிலாளர் நன்கறிவர். முன்னர் வலைகள் பருத்தி நூலாலும் சணல் நூலாலும் ஆயவை. அவை நீரை உறிஞ்சிக் கனத்தன, உலர்த்தாவிடில் உக்கின, அடிக்கடி மரப்பட்டைச் சாயம் காய்ச்சி ஊட்ட வேண்டியிருந்தது. சென்ற நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பின்னர் நைலோன் வலை வந்ததும் அந்தத் தொல்லை ஒழிந்தது. நீரை வாங்காமை வலைக்குச் சிறப்பு. அதே தன்மை சட்டைக்குக் குற்றம். சாதாரண ஈரமுள்ள காற்றிலே 100 கிராம் உலர்ந்த லினன் ஏறக்குறைய 12 கிராம் ஈரத்தைத் தன்னுள் ஏற்கும். பருத்தி ஏறக்குறைய 8 கிராம் ஏற்கும். பொலியெஸ்டர் அரைக் கிராம் கூட ஏற்பதில்லை. லினன் தான் வாங்கிய ஈரத்தை விரைவில் வெளியிடவும் செய்யும். மேலும் அது சற்று விறைப்பானது. வியர்த்த முதுகிலே ஒட்டாமல் விலகி நிற்கும். அந்த இடைவெளியில் காற்று உலாவும். நனைந்தபோது வலிமை குறையாமல் கூடுவது அதன் மற்றுமொரு சிறப்பு.

இவை யாவும் உண்மை. ஆயினும் விளம்பரம் செய்வோர் சொல்லாமல் விடும் உண்மை ஒன்று உண்டு. நாரைக் காட்டிலும் நெசவே முக்கியமானது. நெருக்கமாக நெய்த கனத்த லினன் சட்டையை விட, ஐதாக நெய்த மெல்லிய பருத்தித் துணி குளிர்ச்சியாக இருக்கும். நல்ல லினனுக்கும் நல்ல மெல்லிய பருத்திக்கும் உள்ள வேறுபாடு சிறிது. இவ்விரண்டுக்கும் பொலியெஸ்டருக்கும் உள்ள வேறுபாடு பெரிது. ஆகவே, "லினன் வாங்க வசதி இல்லையே" என்று ஒருவர் வருந்த வேண்டியதில்லை. நாலுமுழ வேட்டியும் நூற்சேலையும் பருத்திச் சாரமும் வெயிலுக்கு ஏற்றவை என்று நம் முன்னோர் கண்டது அறியாமையால் அன்று.

பொலியெஸ்டர் துணி மலிவானது, கசங்காதது, விரைவில் காய்வது. அதனால் அது நமது வீடுகளில் நிறைந்துவிட்டது. அதன் வசதியை நான் மறுக்கவில்லை. ஆனால் ஈரம் தோலிலேயே தங்குவதால் வேர்க்குருவும் படர்தாமரையும் எளிதில் பற்றும். 2014ஆம் ஆண்டிலே பெல்ஜியத்தின் கெண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர், உடற்பயிற்சி செய்தோரின் சட்டைகளை ஒப்பிட்டபோது, பருத்தியை விடப் பொலியெஸ்டரிலேயே வியர்வை நாற்றம் மிகுதி எனக் கண்டனர். விறகடுப்பின் முன் நிற்பவர்கள் மற்றொன்றையும் கருத வேண்டும். பருத்தியும் லினனும் தீப்பற்றினால் எரியும், அதுவும் ஆபத்தே. பொலியெஸ்டரோ உருகித் தோலில் ஒட்டிக்கொண்டு ஆழமான புண்ணை உண்டாக்கும்.

லினனின் குறைகளுக்கு வருவோம். கசங்குதல் யாவரும் அறிந்த குறை. ஆளிநாருக்கு நெகிழ்ச்சி மிகக் குறைவு. இழுத்தால் நூற்றுக்கு 2 அல்லது 3 பங்கு நீளும்முன்னே அறும். அதனால் மடிந்த இடத்திலிருந்து மீண்டெழ அதனால் இயல்வதில்லை. கசங்கலே லினனின் அழகு என்று மேனாட்டார் சொல்வதுண்டு. தீவகத்துப் பெரியவர் ஒருவரிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்! மினுக்கிய உடுப்போடு சபைக்கு வருவது பிறரை மதிப்பதன் அடையாளம் என்பது நம்மவர் கொள்கை. ஆகவே லினன் அணிபவர் ஒவ்வொரு முறையும் மினுக்க வேண்டும். இத்துணி பெருஞ்சூட்டைத் தாங்கும். ஆனால் பெருஞ்சூடு இன்றி மசியாது. சிரட்டைக்கரிப் பெட்டியானால் கரியும், மின்பெட்டியானால் மின்சாரமும் கூடுதலாகச் செலவாகும்.

இதனினும் பெரிய குறை ஒன்று உண்டு. அது துணியில் இல்லை, கிணற்றில் இருக்கின்றது. நமது தீவுகள் சுண்ணக்கல்லால் ஆயவை. பெய்த மழைநீர் கல்லின் வெடிப்புகளூடே இறங்கி, அடியிலுள்ள கடல்நீரின் மேல் மெல்லிய படலமாக மிதக்கின்றது. அளவுக்கு மிஞ்சி இறைத்தால் கீழிருந்து உவர் ஏறும். நெடுந்தீவிலே நன்னீர்க் குடத்துக்காக நெடுந்தூரம் நடந்த பெண்களின் கதையை அங்குள்ள எந்தக் குடும்பமும் சொல்லும். இத்தகைய நீரில் சுண்ணமும் உப்பும் கலந்திருக்கின்றன. சுண்ணத்தோடு சவர்க்காரம் சேர்ந்தால் நுரை எழாது. வெண்ணிறமான கசடு திரளும். அக்கசடு நூலிடையே படிந்து துணியை முரடாக்கும். வெள்ளையைச் சாம்பல் நிறமாக்கும். பருத்திக்கும் இதே கேடு வரும். ஆனால் இயல்பாகவே விறைப்பான லினனில் அது மேலும் உறைக்கும். "தோய்க்கத் தோய்க்க மென்மையாகும்" என்று மேனாட்டார் புகழும் துணி, நமது கிணற்றடியிலே தோய்க்கத் தோய்க்க முரடாவதன் காரணம் இதுவே.

உப்பின் செயல் வேறு வகையானது. கடற்காற்றினாலும் வியர்வையினாலும் உவர்நீரினாலும் துணியிலே தங்கும் உப்பு, காற்றின் ஈரம் நூற்றுக்கு 75 பங்கைத் தாண்டும்போது தானே நீரை இழுத்துக் கசியும். காய்ந்த சட்டை அந்தி வேளையில் பிசுபிசுப்பது இதனால்தான். காற்றாட வேண்டிய துணி அப்போது ஈரத்தைச் சுமந்து நிற்கின்றது. லினனின் முதற் சிறப்பே அதனால் அழிகின்றது.

ஆகவே தீவகத்தில் இதனைத் தோய்க்கும் முறையைச் சற்று விரித்துக் கூறுகின்றேன். முதலில் சவர்க்காரம் இன்றி வெறும் நீரில் அரைமணி நேரம் ஊறவிட்டு அலசுக. உப்பின் பெரும்பகுதி அதிலே கழியும். சவர்க்காரம் இடுவதற்கு முன் நீரில் சிறிது சலவைச் சோடாவைக் கரைத்துவிட்டால், சுண்ணம் அதனோடு சேர்ந்து அடங்கும். பின்னர் குறைந்த சவர்க்காரமே போதும். சலவைத்தூளாயின் உவர்நீரிலும் ஓரளவு வேலை செய்யும். இறுதி அலசல் மழைநீரில் நடைபெறுதல் மிக நன்று. ஓட்டுக் கூரையிலிருந்து பீலி வழியே தொட்டியில் பிடித்த நீர் ஒரு வாளி கிடைத்தால், அதை இதற்கென்று ஒதுக்கலாம். கல்லில் அடித்தலும் முறுக்கிப் பிழிதலும் ஆகா. மடிந்த இடத்தில் நார் ஒடியும். நீர் சொட்டச் சொட்ட நிழலில், காற்று வரும் பக்கத்தில், கைகளால் நீவிவிட்டுத் தொங்கவிடுக. சற்று ஈரம் இருக்கும்போதே மினுக்குதல் வேண்டும். முற்றக் காய்ந்த லினனோடு போராடுவது வீண்முயற்சி.

இத்தனையும் செய்பவர் யார்? சட்டை அணிபவர் ஒருவர். நீர் இழுப்பவரும் தோய்ப்பவரும் மினுக்குபவரும் பெரும்பாலும் அவ்வீட்டுப் பெண்கள். கடைக்காரர் சொல்லும் விலையிலே இந்த உழைப்பும், அந்த ஒரு வாளி நன்னீரும் சேர்வதில்லை. கிணறு உவராகி, நன்னீரை அளந்து பாவிக்கும் வீட்டிலே நாள்தோறும் லினன் அணிய விரும்புபவர், அதைத் தாமே தோய்த்து மினுக்குவாராயின் தாராளமாக அணியட்டும். வேலணையிலோ புங்குடுதீவிலோ நல்ல கிணறு வாய்த்த வீடானால் தயக்கம் வேண்டியதில்லை.

யாருக்கு எது பொருந்தும் என்று ஒருவாறு கூறலாம். யாழ்ப்பாணத்திலிருந்து பேருந்திலும் படகிலுமாகத் தீவுப் பாடசாலைக்கு நாள்தோறும் வந்து செல்லும் ஆசிரியர்க்கும் அலுவலர்க்கும் லினனும் பருத்தியும் கலந்து நெய்த துணி ஏற்றது. கசங்கல் ஓரளவு குறையும், குளிர்ச்சி பெரிதும் குறையாது. கடலில் நின்று தொழில் செய்வோர்க்கு லினன் வேண்டா. ஓயாது நனையும் உடுப்பு விரைவில் காய வேண்டும். அவ்விடத்திலே பொலியெஸ்டர் கலந்த துணியின் வசதியை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். குழந்தைகளுக்குப் புது லினன் உறுத்தும். பழகிய பருத்தி வேட்டித் துண்டே நன்று. முதியோர்க்கும், வெயிலில் நெடுநேரம் நின்று தோட்டம் செய்வோர்க்கும் தளர்வான முழுக்கைச் சட்டை நலம் தரும்; வெறும் மேலோடு நிற்பது நிழலில் குளிர்ச்சி, உச்சி வெயிலிலே அன்று. லினன் சேலை பார்வைக்குக் கம்பீரமானது. ஆனால் கொசுவம் படியாமல் விறைத்து நிற்கும். சோளகத்தில் படகுத்துறையில் அதனை அடக்கிப் பிடிப்பது எளிதன்று.

வாங்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்றிரண்டைச் சொல்கின்றேன். நூலின் நம்பரைக் காட்டிக் கடைக்காரர் மயக்கக்கூடும். பருத்தியில் 60ஆம் நம்பர் என்றால் ஓர் இறாத்தல் நூலில் 840 யார் கொண்ட கழிகள் 60 இருக்கும். லினனிலோ கழி ஒன்றுக்கு 300 யார்தான். எனவே 60ஆம் நம்பர் லினன் நூல், பருத்தியின் 21ஆம் நம்பர் நூலின் பருமனுக்கே சமம். இரண்டு 60உம் ஒன்றல்ல. பெயர் மட்டும் லினனாக, உள்ளே பொலியெஸ்டராக வரும் துணிகளும் உண்டு. தையலோரத்தில் ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பார்த்தால் தெரியும். உருகி மணி போலத் திரண்டு கெட்டியானால் அது பொலியெஸ்டர். கடதாசி போல எரிந்து மென்மையான சாம்பலானால் பருத்தியோ லினனோ ஆகலாம். இவ்விரண்டையும் பிரித்தறிய, இழையை நனைக்காமல் இழுத்து அறுத்துப் பார்க்க வேண்டும். பருத்தியின் அறுந்த முனை குட்டைப் பஞ்சாக விரியும். லினனின் முனையிலே நீண்ட, நேரான, பளபளக்கும் நார்கள் தெரியும்.

ஐப்பசியில் வாடைக்காற்றோடு மழை தொடங்குமுன் பெட்டியில் வைக்கும் லினனைக் கஞ்சி போகத் தோய்த்து, முற்றக் காயவிட்டு வைத்தல் வேண்டும். கஞ்சி இருந்தால் இராமபாணப் பூச்சி தேடி வரும். ஈரம் இருந்தால் பூஞ்சணம் பிடித்துக் கரும்புள்ளி விழும், அது பின்னர் எந்தச் சவர்க்காரத்துக்கும் போவதில்லை. மழை விட்டு வெயில் எறிக்கும் நாட்களிலே அதனை வெளியே எடுத்துக் காற்றாட விரித்து, மீண்டும் வைக்கும்போது முன்னைய மடிப்பிலே மடியாமல், இடம் மாற்றி மடித்து வைக்க.